ஆறாம் நம்பர் தடம்

ஜூலை 6, ஞாயிறு

கோல்ஃப் மைதானத்து எட்டாவது ஹோல் பங்கரில் இன்று காலை பார்த்ததை எழுதி வைக்காமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. பங்கர் முழுக்கக் காலடித் தடம். யாரோ இறங்கி, நின்று, அடித்து, மறுபடி நின்று, மறுபடி அடித்து, மணலை வாரி இறைத்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று போயிருக்கிறார். மணல் வாரும் ரேக்கால் இழுத்து மட்டம் செய்த அடையாளமே இல்லை.

சும்மா மணல் கொட்டிய பள்ளம்தானே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று என் நாத்தனார் கேட்பாள். பள்ளம்தான். பந்து அதில் விழுந்தால் வெளியே எடுப்பது கஷ்டம், அதற்காகத்தான் வெட்டி வைத்திருக்கிறது. ஆனால் அடுத்து வருகிறவருடைய பந்து உங்கள் குதிகால் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் அது அவர் செய்த தப்பா? கிடக்கிற இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், கையால் எடுத்து நல்ல இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தாழ்ந்த பக்கமாக இறங்கி, அடித்து முடித்ததும் வந்த வழியே பின்னால் நடந்து, தன் தடத்தைத் தானே ரேக்கால் இழுத்துவிட்டு மேலே ஏற வேண்டும். சாப்பிட்ட இலையை எடுத்துப் போடுவது போலத்தான். இதை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளை மணலும் சும்மா வந்துவிடவில்லை. பழைய மணல் மழைக்கு இறுகி சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடுகிறது என்று நொய்யல் கோல்ஃப் கிளப் கமிட்டியில் நான் ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்திய பிறகு வந்தது. கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். மைதானப் பராமரிப்பு என் பொறுப்பு. பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவள் நான், என் மைதானத்தில் ஒரு காகிதம் கிடந்ததில்லை.

புல் வெட்டுகிற தலைமை மாலி சின்னச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மயில் வந்து பொரண்டிருக்குமுங்கம்மா" என்றார். மயில் ஷூ போட்டுக்கொண்டு வருமா என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மயிலா இருக்கும், மணி" என்றார். இந்த ஊர் ஆண்களுக்கு எதற்கெடுத்தாலும் மயில்தான்.

ஜூலை 8, செவ்வாய்

வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை. ரிப்பேருக்கு வந்தவர் அடிப்பக்கம் கழற்றினால் ஒரு கைப்பிடி மணல். வீட்டில் கட்டட வேலை நடக்கிறதா என்று கேட்கிறார். வேலைக்கு வரும் மகேஸ்வரி துணியை உதறிப் போடுவதே இல்லை, நன்றாகத் திட்டினேன். எல்லாம் அய்யா பேன்ட்டிலிருந்து வருவதுதான், நான் என்ன செய்வேன் என்று அவள் என்னிடமே சண்டைக்கு வருகிறாள்.

இவர் ஒரு மாதமாக விடிவதற்கு முன்பே எழுந்து வாய்க்கால் மேட்டில் நடக்கப் போகிறார். நல்லதுதான், நான் சொல்லியெல்லாம் போனதில்லை. ஆனால் வாய்க்கால் மேட்டில் இத்தனை மணல் எப்படி வந்தது? மணல் லாரிக்காரர்கள் அங்கேயும் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மறுபடியும். அதே பங்கர், அதே அலங்கோலம்.

மற்றபடி ரேக் விஷயம் மட்டுமாவது ஒழுங்காக நடக்கிறது. ஜூனில் இரண்டு ரேக் திருட்டுப் போனதும் ஓர் உத்தரவு போட்டேன். எல்லா ரேக்கும் சாயங்காலம் ஷெட்டுக்குள் போய்விட வேண்டும், முதல் ஆட்டம் தொடங்கும் ஆறரைக்குத்தான் வெளியே வர வேண்டும், நடுவில் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சாவி சின்னச்சாமியிடம். அதற்குப் பிறகு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதுகிறேன், பின்பக்கம் மை ஊறும்.

கிளப் கேப்டன் ராஜரத்தினம் இன்று எட்டாவது பங்கரில் குனிந்து, ஸ்கோர் அட்டையை வைத்துத் தடத்தை அளந்திருக்கிறார். அந்த மில் முதலாளி குனிந்து நான் பார்த்ததே இல்லை, இதற்குக் குனிந்திருக்கிறார். அளந்துவிட்டு கமிட்டி அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஆறாம் நம்பர் ஷூவுங்க மேடம். நம்ம கிளப்ல ஆறாம் நம்பர் போடற ஆம்பளை யாரு இருக்கா? லேடீஸ்தான்." ஆகஸ்ட் பத்து கமிட்டிக் கூட்டத்துக்குள் இது நிற்காவிட்டால் பெண்களின் ஞாயிறு காலை நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிவிடுவாராம்.

அந்த ஞாயிறு காலையை வாங்க நான் என்ன பாடுபட்டேன் என்பது வீட்டில் இவருக்குத் தெரியும். அதற்கு முன் பெண்கள் என்றால் மத்தியானம் மட்டும்தான். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற ஆடிக் காற்றில் மத்தியானம் பந்தடித்துப் பார்த்தால் தெரியும், பந்து போன வழியே திரும்பி வரும். போன வருஷம் சிறுவாணிப் பக்கத்திலிருந்து யானை இறங்கி வந்து மூன்றாவது பங்கரில் நடந்துவிட்டுப் போனது. இனிமேல் மத்தியானம் வா என்று யானையிடம் யாரும் சொல்லவில்லை.

நான் சும்மா விடவில்லை. ஆணோ பெண்ணோ, பங்கரில் தடத்தை விட்டுப் போவது யாராக இருந்தாலும் மூன்று மாதம் ஆடக் கூடாது என்று அங்கேயே ஒரு விதியை எழுதினேன். எல்லோரும் கை தூக்கினார்கள். ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

இவரிடம் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டே இருந்தார், தட்டு வழிந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தேங்காயில் வெல்லமும் பாசிப்பருப்பும் அடைத்துச் சுட்டேன். தேங்காயில் செருகுகிற குச்சி சரியில்லை, இரண்டு தேங்காய் வெடித்துவிட்டது. விறகுக்கடைக்காரரிடம் அழிஞ்சில் குச்சி கேட்டால் எதையோ கட்டிக் கொடுத்திருக்கிறார்.

மத்தியானம் இவருக்கு ஷூ வாங்கக் கிராஸ்கட் ரோடு போனோம். நடக்கிற ஷூ ஆறே வாரத்தில் தேய்ந்திருக்கிறது, உள்ளே தட்டினால் மணலாகக் கொட்டுகிறது. இவருக்கு ஷூ வாங்குவது எப்போதும் பெரும்பாடு. ஆண்கள் ஷூவில் இவருடைய அளவு பல கடைகளில் இருக்காது, பையன்கள் பக்கம் போய்த்தான் தேட வேண்டும். கல்யாணத்தில் அம்மி மிதிக்கும்போதே என் கால் இவர் காலைவிடப் பெரியது என்று கண்டுபிடித்து, இவர் சித்தி மெட்டியை மாப்பிள்ளைக்குப் போடச் சொன்னாள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். இவர் எதற்கும் சிரிப்பார்.

ஜூலை 20, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த நிவேதா. ஐடி கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, புருஷன் பெங்களூரில். நன்றாக அடிக்கிறாள், அது வேறு விஷயம். பங்கரில் மேட்டுப் பக்கமாகக் குதித்து இறங்குகிறாள், இரண்டு முறை சொல்லிவிட்டேன். இன்று எட்டாவது பங்கரில் பழையபடி தடம். என்ன நம்பர் ஷூ என்று கேட்டேன், ஆறு என்றாள். கால் வைத்துக் காட்டச் சொன்னேன். "ஆன்ட்டி, நான் இங்க இறங்கவே இல்ல" என்றாள். இறங்காவிட்டால் காட்டுவதற்கு என்ன பயம் என்றேன். வைத்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்து அச்சு கொஞ்சம் வேறாக இருந்தது, மணலில் அதெல்லாம் தெளிவாகவா தெரியும்?

பக்கத்து ஹோலில் நின்ற ஆண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. நிவேதா பையைத் தூக்கிக்கொண்டு பாதியிலேயே போய்விட்டாள்.

இவரிடம் வந்து சொன்னேன். வழக்கமாக ம் கொட்டுகிறவர், இன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைய எதுக்கு மணி அப்படிக் கேட்ட" என்றார். இவருக்கு என்ன வந்தது? நான் கேட்டது ஒரு கேள்விதான்.

ஜூலை 22, செவ்வாய்

பெண்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நிவேதா வெளியேறிவிட்டாள். மடியில் கனமில்லாதவள் எதற்கு வெளியேற வேண்டும் என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை. இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் காற்று மட்டும் அடித்தால் யாருக்குத்தான் பசிக்கும்.

ஜூலை 25, வெள்ளி

நிவேதா திங்கட்கிழமையே பெங்களூர் போய்விட்டாளாம். இன்று காலை எட்டாவது பங்கரில் தடம்.

ஆக, அவள் இல்லை. சரி. அதற்காக நான் கேட்டது தப்பு என்று ஆகிவிடுமா? அளவு பொருந்தியது, கேட்டேன். பருப்புக் குழம்பு வைக்கிறபோது உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

இன்றைய தடத்தை உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று புரிந்தது. இந்த ஆள் கண்டபடி விட்டுப் போகிறவன் இல்லை. மூடப் பார்த்திருக்கிறான். ஷூவாலேயே தேய்த்து, பந்தடிக்கிற குச்சியின் பின்பக்கத்தால் தட்டி, தேய்த்த இடத்தில் மறுபடி தன் காலையே பதித்திருக்கிறான். வாசல் கோலத்தைக் காலால் அழித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. ரேக்கை எடுத்து இழுத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்ய என்ன கேடு?

சின்னச்சாமியிடம் கேட்டேன். மயில்தான் என்று மறுபடி ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

பெண்கள் ஆட்டத்துக்கு நாலு பேர்தான் வந்தார்கள். ஷூவைக் காட்டச் சொல்லுவேன் என்று பயமாம்.

சுதந்திர தினத்தன்று ஜோடிக் கோப்பை. ஓர் ஆண், ஒரு பெண், ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நாங்கள் இரண்டு வருஷமாக ஆடவில்லை. கடைசியாக ஆடியபோது இறுதி ஆட்டத்தில் எட்டாவது ஹோலில் பந்து பங்கருக்குள் போனது. அடிக்க வேண்டியது இவர் முறை. பங்கரில் மட்டும் வெளியே வரும் வரை ஒருவரே அடிக்கலாம், அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுக்கலாம் என்பது எங்கள் கிளப் வழக்கம், ஆனால் இவர் விடவில்லை. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை, சுற்றி நின்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "ஏனுங்க, மண்வெட்டி எடுத்துட்டு வரட்டுங்களா?" அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். அடுத்த வாரம் முழங்கால் வலி என்று ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். முழங்கால் வலி எல்லோருக்கும் வருவதுதான்.

ராஜரத்தினம் இன்றும் கேட்கிறார், "மண்வெட்டி எப்படி இருக்காருங்க மேடம்?" என்று. இரண்டு வருஷமாக இதே கேள்வி. பம்ப் செட் கம்பெனி நடத்தி நூறு பேருக்கு வேலை கொடுத்த மனுஷனுக்கு ஒரு பெயர் இல்லையா? திருமூர்த்தி என்று ஒரு பெயர் இருக்கிறது. நான் சொன்னது ஒரு நாள். இவர்கள் சொல்வது ஒவ்வொரு நாளும்.

பரணில் கொலு பொம்மைப் பெட்டியைத் தேடும்போது இவர் கோல்ஃப் பையைப் பார்த்தேன். தூசி தட்டியிருந்தது. மணலிலிருந்து பந்தை எடுக்கிற சாண்ட் அயன் மட்டும் இல்லை, எங்கள் பையன் எடுத்துப் போயிருப்பான். கேட்காமல் எடுக்கிற பழக்கம் அவனுக்குச் சின்னதிலிருந்தே உண்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றில் தண்ணீர் போகிறது, கூட்டம் அதைவிட அதிகமாகப் போகிறது.

கிளப் நோட்டீஸ் போர்டில் ஜோடிக் கோப்பைக்குப் பெயர் கொடுத்தவர்கள் விவரம் ஒட்டியிருக்கிறது. கடைசியில் திருமூர்த்தி, வசந்தாமணி என்று எங்கள் பெயர். எனக்கு ரத்தம் கொதித்தது. ராஜரத்தினம் செய்த கேலிதான் இது, வேறென்ன? ஆபீஸில் போய் யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். போனில் வந்தது மேடம் என்றார்கள். யார் போன் என்றால் விழிக்கிறார்கள். பெயரை அடிக்கச் சொல்லலாம் என்று இவரிடம் சொன்னேன். "கெடக்கட்டும் விடு மணி. கெடந்தா என்ன இப்ப?" என்றார். இவருக்கு ரோஷமே கிடையாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கமிட்டிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. இனி யாரையும் நம்பிப் பயனில்லை, நானே போய் உட்காரப் போகிறேன். எட்டாவது ஹோல் வாய்க்கால் ஓரம். அங்கே வேலியில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி இருக்கிறது. அதற்கு எதிரில் மலைவேம்பு. மரத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டால் யாருக்கும் தெரியாது. கல்லூரி விசிலைத் தேடி எடுத்துவிட்டேன். ஆள் கையும் களவுமாக மாட்டும்போது ஊதுகிற ஊதலில் பேரூர் வரை கேட்க வேண்டும்.

இவரிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். நாளை ஆடி வெள்ளி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான் கிளம்பும்போது இவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "எனக்கும் சேத்திக் கும்பிட்டுக்க" என்றார்.

மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கிழக்கே வெளுக்கிற நேரம். வேலி இடைவெளியில் ஓர் உருவம் நுழைந்தது. குரங்குக் குல்லா, கையில் ஒரே ஒரு குச்சி. புதரிலிருந்து இரண்டு மூன்று பந்தை எடுத்து பங்கரில் போட்டுவிட்டு, தாழ்ந்த பக்கமாக, முறையாக இறங்கியது. விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். அடிக்கட்டும், அடித்துவிட்டுப் போகப் பார்க்கட்டும், அப்போது ஊதலாம் என்று இருந்தேன்.

அடிக்கக் குச்சியை ஓங்கியபோது வலது தோள் இறங்கியது. அந்தத் தோளை இறக்காதீர்கள் என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்த்துவிட்டேன்.

முதல் பந்து மணலிலேயே புரண்டது. இரண்டாவது மேட்டில் இடித்து உருண்டு காலடிக்கே வந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். குல்லாவைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சுற்றி ஒருவரும் இல்லை, ஆனாலும் எண்ணுவதற்கு ஆள் நிற்பது போல ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அடித்த அடியில் பந்து மெதுவாக, மணலோடு சேர்ந்து எழும்பி, புல்லில் விழுந்து கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. நான்கூட அத்தனை அழகாக எடுத்ததில்லை.

அவர் பந்தைப் பார்த்துக்கொண்டே, சத்தமாக இல்லாமல் சொன்னார். "மண்வெட்டி வேண்டாம், மணி."

இதற்குக் கீழே நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். காலையிலிருந்து கண்ணில் காற்று மண் விழுந்து உறுத்துகிறது.

விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. அவர் ரேக்கைத் தேடினார். பங்கரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். எங்கிருந்து இருக்கும்? காலாலேயே தேய்த்தார், குச்சியால் தட்டினார், தேய்க்கத் தேய்க்கப் புதுத் தடம் விழுந்தது. தூரத்தில் மைதானத்துக்குள் ஓட்டுகிற பக்கி வண்டிச் சத்தம் கேட்டதும் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வேலிக்குள் புகுந்து போய்விட்டார். அறுபத்தாறு வயது மனுஷன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் ஓடுவது போல ஓடினார்.

வண்டியில் வந்தது ராஜரத்தினம். அவரும் ஆள் பிடிக்கத்தான் வந்திருக்கிறார். நான் பங்கர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்த மலர்ச்சியை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "மேடம், நீங்களா?" என்றார்.

"இந்தப் பங்கர் இப்படிக் கெடக்கறதுக்குக் காரணம் நான்தானுங்க" என்றேன். "மத்த பொம்பளைகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவங்க ஞாயித்துக்கிழமையத் தொடாதீங்க."

நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் எனக்கு ஆறாதது வேறு. அந்த மனுஷன் உடனே நம்பிவிட்டார். வசந்தாமணி அப்படிச் செய்கிறவளா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் கால் எட்டாம் நம்பர். அத்தனை பெரிய காலை முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அளந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நிவேதா காலை மட்டும் அளக்கலாமாம்.

அதை அளந்தது நான்தான்.

ஆறரைக்குச் சின்னச்சாமி ரேக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "அய்யா ஒரு ரேக்கு மட்டும் வெளியில வெக்கச் சொல்லிக் கேட்டாருங்கம்மா. நீங்க யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னுட்டீங்கள்ல" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு சொல் பொய்யில்லை.

வீட்டில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோயிலில் கூட்டம் எப்படி என்று கேட்டார். நல்ல கூட்டம் என்றேன். விபூதி எங்கே என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கமிட்டி. மூன்று மாதம் ஆடக் கூடாது. நான் எழுதிய விதி, நானே ஓட்டை இல்லாமல் எழுதியது. இப்போது படித்தால் என்ன மாதிரி எழுதியிருக்கிறேன் என்று எனக்கே மலைப்பாக இருக்கிறது. பராமரிப்புப் பொறுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் கடைசியாக ஓர் உத்தரவு போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன்: ரேக்குகள் இரவும் பகலும் பங்கர் ஓரத்திலேயே இருக்க வேண்டும், திருடு போனால் போகட்டும். பெண்களின் ஞாயிறு காலை அப்படியே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

இவருக்கு அதற்குள் செய்தி வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் போயி ராஜரத்தினத்துகிட்டச் சொல்லிடறேன், மணி."

"ஒன்னும் சொல்ல வேண்டாமுங்க. சாப்புடுங்க."

"நீ பாத்துட்டயா?"

"தோளை இன்னும் எறக்கறீங்க" என்றேன்.

மோர் ஊற்றிக்கொண்டே, ஜோடிக் கோப்பைக்குப் பெயர் கொடுத்தது தான்தான் என்று சொன்னார். தெரியும் என்றேன். இனி எப்படி ஆடுவது என்றார். கோப்பைக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேண்டும், புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நிவேதாவுக்கு ஜோடி இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நிவேதா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். வீட்டுக்குப் போனேன். ஓப்புட்டு, அதுதான் பருப்புப் போளி, செய்து எடுத்துக்கொண்டு போனேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆடி மாதம் செய்வதுதான். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. நியாயம்தான் என்று நின்றேன்.

தடம் என் வீட்டுக்காரருடையது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். உன்னை அப்படி நிற்க வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னேன். கிளப்பில் பழியை நான் ஏற்றது அவளுக்கும் தெரிந்திருந்தது, என் காலைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க என்ன சைஸ்?" என்று கேட்டாள். எட்டு என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உள்ள வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, எட்டு மணிக்குக் கோப்பை ஆரம்பம். திருமூர்த்தி, நிவேதா. நான் ரேக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர்கள் கூடவே போனேன். ராஜரத்தினம் தடுத்தார். நீங்கள் தண்டனையில் இருக்கிறீர்கள் என்றார். விதியைப் படித்துப் பாருங்கள், ஆடக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன், ரேக் பிடிக்கக் கூடாது என்று எழுதவில்லை என்றேன். அவருடைய ஜோடி எங்களுக்கு முன்னால் ஆடியது, அதற்கு மேல் நின்று பேச நேரமில்லை.

ஏழு ஹோல் வரை நன்றாகவே போனது. எட்டாவதில் நிவேதா அடித்த பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய் பங்கரில் போட்டது. இவர் முறை. அடுத்த ஹோலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். ஒருவர் ஒன்று என்று எண்ணத் தயாராக விரலைக்கூடத் தூக்கினார்.

இவர் இறங்கினார். இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன்.

பந்து ஒரு காலடித் தடத்துக்குள் உட்கார்ந்திருந்தது. பெரிய தடம், பத்தாம் நம்பராவது இருக்கும். குதிகாலில் பிறை வடிவ ஆணி வரிசை. அந்த ஷூ சிங்கப்பூரில் வாங்கியது என்று கமிட்டி அறையில் எல்லோருக்கும் காட்டியது யார், எங்களுக்கு முன்னால் ஆடிப் போனது யார் என்று எனக்குத் தெரியும். மேட்டுப் பக்கமாகக் குதித்து இறங்கியிருக்கிறார், மேட்டுப் பக்கமாகவே ஏறியிருக்கிறார். ரேக் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது, இரவும் பகலும் கிடக்கிற ரேக். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தேன்.

"கம்முனு இரு, மணி" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. "கெடக்கற எடத்துல இருந்துதான அடிக்கோனும்."

கம்மென்று இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. முதல் அடியில் மணல்தான் வந்தது, பந்து தடத்தை விட்டு அரையடி நகர்ந்தது. ஒன்று என்று யாரோ எண்ணினார்கள். நிவேதா திரும்பி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு நின்றது. இவர் காலை மாற்றி வைத்தார். தோள் இறங்கவில்லை. பந்து எழும்பி, மேட்டைத் தாண்டி, கொடிக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றது.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் பார்த்தார்கள். இவர் ரேக்குக்குக் கை நீட்டினார்.

"நீங்க போங்க. நான் இழுத்துக்கறேன்" என்றேன்.

தாழ்ந்த பக்கமாக இறங்கினேன். இவர் தடம் ஒவ்வொன்றையும் பின்னால் நடந்து நடந்து இழுத்தேன். சின்னச் சின்னத் தடம், மணலில் அதிகம் பதியக்கூட இல்லை. பத்தாம் நம்பர் தடத்தை மட்டும் தொடவில்லை. அதைச் சுற்றி நன்றாக மட்டம் செய்து, அது மட்டும் தனியாகத் தெரிகிற மாதிரி விட்டுவிட்டு மேலே ஏறினேன். யாராக இருந்தாலும் மூன்று மாதம் என்பதைக் கமிட்டி வந்து பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

கோப்பை வேறு ஜோடிக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் இவர் பேன்ட்டை நானே வாசலில் உதறிப் போட்டேன்.